கலங்கல் இல்லை என்றால் கலப்படம் இல்லையா? ஹைட்ரோகார்பன் சோதனைகள் எதைக் காட்டுகின்றன, எதைத் தவறவிடுகின்றன

1. கேள்வி

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஹைட்ரோகார்பன் தொடாத தொழில் அரிது. விசைத்தறியின் சுழலும் பாகங்களுக்கு மினரல் ஆயில் விடுகிறார்கள். திருவேங்கடம், கழுகுமலைப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகளில் குச்சிகளைப் பாரஃபின் மெழுகில் நனைக்கிறார்கள். லாரியும் டிராக்டரும் டீசலில் ஓடுகின்றன. கடையில் வாங்கும் தலைமுடி எண்ணெய்கள் பலவற்றின் லேபிளில் ‘லைட் லிக்விட் பாரஃபின்’ என்று அச்சிட்டிருக்கிறது. கோயில் வாசல்களில் சமையலுக்கு உதவாத விளக்கு எண்ணெய் பாட்டில் பாட்டிலாக விற்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் கச்சா எண்ணெய்தான். பெரும்பாலும், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை அது.

இந்தக் கலவை இருக்க வேண்டிய இடத்தில் தரமாக இருக்கிறதா, இருக்கக் கூடாத இடத்தில் நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. ‘மினரல் ஆயில் இல்லை’, ‘தர வரையறைக்குள் உள்ளது’ என்று ஆய்வறிக்கை வந்துவிட்டால் நுகர்வோரும் அதிகாரியும் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒற்றை வரி உண்மையில் எதை நிறுவுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நம் தர வரையறைகள் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகின்றன. லாபத்துக்காக யாராவது கலந்தார்களா என்பது ஒன்று. இயந்திரம், சாக்கு, அச்சு மை வழியாகத் தெரியாமல் கலந்திருக்கிறதா என்பது மற்றொன்று. உணவு எண்ணெயில் நம் சோதனை முதல் கேள்விக்கு ஓரளவு போதும், இரண்டாவதற்குப் போதாது. வாகன எரிபொருளிலோ நடைமுறைச் சோதனை முதல் கேள்விக்கே நீண்ட காலம் போதாமல் இருந்தது.

2. குணமாகவும் குற்றமாகவும்

ஹைட்ரோகார்பன் என்றதுமே நஞ்சு என்று கொள்வது ஆய்வைத் தொடக்கத்திலேயே திசைதிருப்பிவிடும். தீக்குச்சியை எடுத்துக்கொள்வோம். தலையிலுள்ள மருந்து ஒரு நொடிக்கு மேல் எரியாது. அந்தச் சுடர் குச்சிக்குத் தாவ வேண்டுமானால், முனையிலிருந்து சிறிது தூரத்துக்கு மரத்தில் பாரஃபின் மெழுகு ஊறியிருக்க வேண்டும். இங்கே ஹைட்ரோகார்பன் இருப்பதுதான் தரம். சோதிக்க வேண்டியவை அதன் உருகுநிலையும் மெழுகில் தங்கிவிட்ட எண்ணெயின் அளவும். எண்ணெய் மிகுந்த மெழுகு தெற்கத்தி வெயிலில் இளகும். இத்தகைய மெழுகைத் தயாரிக்கும் ஆலைகளில் மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனமும் ஒன்று. பாரஃபின் மெழுகுக்கான இந்தியத் தர வரையறை ஐ.எஸ். 4654.

லிக்விட் பாரஃபினும் அப்படித்தான். நன்கு சுத்திகரித்தால் அது மலச்சிக்கலுக்கான மருந்து. அரைகுறையாகச் சுத்திகரித்தால் பல வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள் அதில் தங்கிவிடும். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்க வல்லவை. கண்ணுக்கு இரண்டும் நிறமற்ற, மணமற்ற திரவமாகவே தெரியலாம். அதனால் மருந்தியல் தரநூல்கள் எண்ணெயின் ஒரு பகுதியைத் தனிக் கரைப்பானில் பிரித்தெடுத்து, அது புற ஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கச் சொல்கின்றன. அரோமாட்டிக் சேர்மம் கூடக் கூட உறிஞ்சலும் கூடும். ஆக, ஹைட்ரோகார்பன் உண்டா என்ற கேள்வியோடு எந்த வகை, எவ்வளவு, எந்தப் பயனுக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடைக்குப் பொருள் வரும்.

1959-இல் மொராக்கோவின் மெக்னெஸ் பகுதியில் நடந்தது இதன் கொடிய எடுத்துக்காட்டு. ஜெட் விமான எஞ்சினுக்கான உயவு எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் கைகால் செயலிழந்தனர். நரம்புகளைத் தாக்கியது ஹைட்ரோகார்பன் அல்ல, உயவு எண்ணெயில் சேர்க்கப்பட்டிருந்த கிரெசில் பாஸ்பேட். மினரல் ஆயில் என்று எதை நாம் சொல்கிறோமோ அதனுடன் வேறு எதுவெல்லாம் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

3. சோப்பாகாத எண்ணெய்

தறிக்காரர்களுக்குப் பழகிய விஷயம் ஒன்று உண்டு. துணியில் கடலை எண்ணெய் பட்டால் சோடாவும் சோப்பும் போட்டு அலசினால் போய்விடும். தறி எண்ணெய்க் கறை அப்படி எளிதில் விடாது. அந்தச் சேலை கழிவுச் சரக்காகக் குறைந்த விலைக்குப் போகும். தாவர எண்ணெயிலுள்ள கொழுப்பு காரத்தோடு வினைபுரிந்து சோப்பாகி நீரில் கரைகிறது. ஹைட்ரோகார்பனில் காரம் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

நம் உணவு ஆய்வகங்களில் மினரல் ஆயிலைக் கண்டறியும் ஹோல்டே சோதனைக்கும் இதுவே அடிப்படை. குடுவையில் 25 மில்லிலிட்டர் ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் எடுத்து, அதில் 1 மில்லிலிட்டர் எண்ணெய் விட்டு, நீர்த்தொட்டியின் மேல் கொதிக்க வைப்பார்கள். குடுவைச் சுவரில் எண்ணெய்த் துளி ஒன்றுகூட இல்லாமல் கரைசல் தெளிந்ததும் சூடான சோதனைக் குழாய்க்கு மாற்றி, கொதிநீரை ஓரமாக மெல்ல ஊற்றிக் குழாயை லேசாக ஆட்டுவார்கள். நல்ல எண்ணெய் என்றால் கரைசல் தெளிவாகவே நிற்கும். மினரல் ஆயில் கலந்திருந்தால் நீர் சேரச் சேரப் பால்போலக் கலங்கும். செலவு குறைவு, அரை மணிக்குள் விடை, பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் ஏறத்தாழ 1 சதவீதம் கலந்திருந்தால்தான் இந்தக் கலங்கலை நம்பி முடிவு சொல்ல முடியும். அதாவது ஒரு கிலோ எண்ணெயில் 10,000 மில்லிகிராம். தவிட்டு எண்ணெயில் சோப்பாகாப் பொருள் இயல்பாகவே கூடுதல் என்பதால் அங்கே கலங்கலைப் பொருள் கொள்வதில் நிதானம் வேண்டும்.

மற்ற அளவைகள் இந்தக் குறையை எவ்வளவு ஈடுசெய்கின்றன? தேங்காய் எண்ணெயின் சோப்பாக்க எண் (எண்ணெயைச் சோப்பாக்கத் தேவையான காரத்தின் அளவு) 250-க்குக் குறையக் கூடாது என்பது விதி. மாதிரி ஒன்றின் இயல்பான எண் 258 என்று கொள்வோம். அதில் 5 சதவீதம் லிக்விட் பாரஃபின் கலந்தால் எண் 245 ஆகும், பிடிபடும். 2 சதவீதம் கலந்தால் 253-க்குச் சற்றுக் குறைவாக நிற்கும், தப்பிவிடும். அந்த 2 சதவீதத்தைச் சோப்பாகாப் பொருளின் அளவு காட்டிக்கொடுக்கும். அரை சதவீதம்தான் கலந்திருக்கிறது என்றால் மூன்று சோதனைகளிலும் அது தப்பிக்க இடமிருக்கிறது.

இதைச் சோதனையின் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. லாபம் பார்க்கக் கலப்பவர் அரை சதவீதத்தோடு நிற்க மாட்டார். அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஐந்து, பத்து, இருபது என்று போனால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அந்த அளவுகளில் ஹோல்டே சோதனை தவறாமல் பிடிக்கும். வணிகக் கலப்படத்தைத் தடுக்க இது போதும்.

4. பங்கில் மூன்று கிலோ

எரிபொருளின் கதை வேறு. உணவு எண்ணெயில் கலப்பது வேற்றுப் பொருள். டீசலில் கலக்கும் மண்ணெண்ணெயோ அதே கச்சா எண்ணெயிலிருந்து பக்கத்துக் கொதிநிலையில் பிரித்தெடுத்தது. அதனால் அடர்த்தி, தீப்பற்றுநிலை, வடிதல் வெப்பம் போன்ற குணங்களை அளந்தே கலப்பை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பங்கில் வாடிக்கையாளர் கேட்டால் அடர்த்தியைக் காட்ட வேண்டும். ஜாடியில் எரிபொருளைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்து, அட்டவணை உதவியோடு 15 டிகிரி வெப்பநிலைக்கான அடர்த்தியாக மாற்றுவார்கள். டேங்கர் லாரியோடு வந்த சீட்டில் உள்ள அடர்த்திக்கும் இதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் சந்தேகம் எழ வேண்டும்.

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீசலின் அடர்த்தி 830, மண்ணெண்ணெயின் அடர்த்தி 800 என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி 827 ஆகும். குறைந்தது சரியாக 3 கிலோ. அனுமதித்த எல்லையைத் தாண்டவில்லை. டீசலைவிடக் கனமான கரைப்பான் ஒன்றைச் சேர்த்துச் சரிக்கட்டினால் அந்த 3 கிலோ வித்தியாசமும் மறைந்துவிடும். தீப்பற்றுநிலையும் உதவாது: டீசல், மண்ணெண்ணெய் இரண்டுக்கும் குறைந்தபட்ச எல்லை 35 டிகிரிதான். 95 சதவீதம் 360 டிகிரிக்குள் வடிய வேண்டும் என்ற விதியை மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்னும் எளிதாகவே நிறைவேற்றும். தரமான டீசலா என்று பார்க்க எழுதப்பட்ட விதிகள் இவை. இதில் வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்ற கேள்வி அவற்றில் இல்லை.

உச்ச நீதிமன்ற ஆணையின் பேரில் டெல்லி எரிபொருளை ஆய்ந்து அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2002-இல் தந்த அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது: நடைமுறையிலிருந்த சோதனைகளால் ஓரளவுக்கு உட்பட்ட கலப்படத்தைப் பிடிக்க முடியாது. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிபொருள் கலப்படத்துக்கு எதிராக அவர் எடுத்த நடவடிக்கையே காரணம். இந்த வணிகத்தில் புழங்கிய பணத்தின் அளவை நாடு அப்போது உணர்ந்தது.

அடுத்த ஆண்டு, 2006 அக்டோபரில், மானிய மண்ணெண்ணெயில் மார்க்கர் எனும் குறிப்பொருளைச் சேர்க்கும் திட்டம் வந்தது. டீசலில் அந்தக் குறிப்பொருள் தென்பட்டால் மண்ணெண்ணெய் கலந்திருப்பது உறுதி. குணத்தை அளந்து ஊகிக்கும் முறையை விட்டு, கலந்த பொருளையே நேராகத் தேடும் முறைக்கு மாறியது நல்ல சிந்தனைதான். ஆனால் குறிப்பொருளை நீக்கிவிட முடியும் என்று தெரியவர, 2009 தொடக்கத்துக்குள் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று விலை. 2002 முதல் 2010 வரை டெல்லியில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் ஒன்பது ரூபாய் அளவிலேயே நின்றது. டீசலோ அதற்குள் 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த இடைவெளிதான் கலப்படத்தின் முதலீடு. பின்னர் மண்ணெண்ணெய் மானியம் படிப்படியாகக் குறைந்து ஒதுக்கீடும் சுருங்கியபோது அந்த முதலீடு கரைந்தது.

மற்றொன்று கந்தகம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது. மண்ணெண்ணெய்க்கான ஐ.எஸ். 1459 வரையறையோ 0.25 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 2,500 பங்கு வரை அனுமதிக்கிறது. 1,000 பங்கு கந்தகம் உள்ள மண்ணெண்ணெயை 10 சதவீதம் கலந்தால் டீசலின் கந்தகம் 109-க்குப் போகும். எல்லையைப் போல ஏறத்தாழ 11 மடங்கு. அடர்த்தியில் மறைந்த அதே கலப்பு இங்கே மறைய வழியில்லை. காற்று மாசைக் குறைக்கக் கொண்டுவந்த விதி கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் விதியாகவும் ஆகிவிட்டது. கந்தகத்தை அளக்கக் கருவி வேண்டும் என்பதால் பங்கில் வாடிக்கையாளர் கேட்டு வாங்கக்கூடிய சோதனை மட்டும் இன்னமும் அடர்த்தியிலேயே நிற்கிறது.

5. மில்லிகிராம்களின் உலகம்

இனி இரண்டாவது கேள்வி. தெரியாமல் கலப்பதைப் பற்றி உலகத்துக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் சூரிக் மாநில ஆய்வகத்தைச் சேர்ந்த கோனி குரோப். சணல் சாக்கில் வந்த கொட்டைகளிலும் கோகோவிலும் கச்சா எண்ணெய் ஹைட்ரோகார்பன்கள் இருப்பதை அவருடைய குழு காட்டியது. சணல் நாரை மென்மையாக்க ஆலைகளில் தெளிக்கும் எண்ணெய்தான் மூலம். வங்காளத்துச் சணல் ஆலையில் பட்ட எண்ணெய் சாக்கோடு சென்று ஐரோப்பியரின் சாக்லெட்டில் தங்கியது. அதன் விளைவாக உணவுக்கான சாக்குகளில் சோப்பாகாப் பொருள் ஒரு கிலோவுக்கு 1,250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற பன்னாட்டுத் தர விதி 1998-இல் வந்தது. செய்தித்தாள் மையிலிருந்து மறுசுழற்சி அட்டை வழியாக உணவுக்குள் நுழையும் ஹைட்ரோகார்பனையும் அதே ஆய்வகம் வெளிக்கொண்டுவந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2016 டிசம்பரில் உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று அறிவுறுத்தியது. டீக்கடையில் எண்ணெய் சொட்டும் வடையைப் பழைய பேப்பரில் வைத்து அழுத்தி எடுத்து உண்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

இத்தகைய கலப்பைப் பிடிப்பது கேஸ் குரோமட்டோகிராஃப். எண்ணெயிலிருந்து ஹைட்ரோகார்பனைப் பிரித்து இந்தக் கருவியில் செலுத்தினால், கொதிநிலை வரிசையில் ஒவ்வொன்றும் வெளியே வந்து தாளில் ஒரு சிகரமாகப் பதியும். தாவர மெழுகிலிருந்து வந்த ஹைட்ரோகார்பன் என்றால் 27, 29, 31 எனக் கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவை ஓங்கி நிற்கும். இடையிலுள்ள இரட்டைப்படைகள் தாழ்ந்திருக்கும். கச்சா எண்ணெயிலிருந்து வந்தது என்றால் தனிச் சிகரங்களாகப் பிரியாத ஆயிரக்கணக்கான சேர்மங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒட்டகத் திமில்போல ஒரே மேடாகத் தெரியும். எவ்வளவு என்பதோடு எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த வடிவம் சொல்லிவிடுகிறது.

2008-இல் உக்ரைனிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் மினரல் ஆயில் இருப்பது தெரிந்தபோது, ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. ஹோல்டே சோதனை பேசத் தொடங்கும் அளவில் அது இருநூறில் ஒரு பங்கு. 2022-இல் அரோமாட்டிக் வகை ஹைட்ரோகார்பன்களுக்கு மட்டும் எண்ணெய், கொழுப்புகளில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லையை உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்டன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 மதிப்பீடு அரோமாட்டிக் அல்லாத வகையால் இப்போதைய நுகர்வு அளவில் கவலை குறைவு என்றும், மூன்றோ அதற்கு மேலோ வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் வகையில் மரபணுவைப் பாதிக்கும் சேர்மங்கள் இருக்கலாம் என்றும் பிரித்துச் சொன்னது.

நம் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. சமையல் எண்ணெய்களுக்கான விதி, மினரல் ஆயில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது; அளவு எதையும் குறிப்பிடவில்லை. கேட்பதற்கு இது ஐரோப்பிய விதியைவிடக் கண்டிப்பானது. நடைமுறையில் ‘இல்லை’ என்பதன் பொருளை ஆய்வகத்தின் கருவி முடிவு செய்கிறது. ஒரு கிலோவில் 1,000 மில்லிகிராம் மினரல் ஆயில் உள்ள எண்ணெய் ஹோல்டே குழாயில் தெளிவாகவும் குரோமட்டோகிராஃபில் பெரிய மேடாகவும் தெரியக்கூடும். இரண்டு அறிக்கைகளும் நேர்மையானவையாகவே இருக்கும்.

6. மாதிரியின் பயணம்

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் காவலுக்கு. வணிகர் கோரினால் நான்காவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வணிகர் மேல்முறையீடு செய்தால் மேல்நிலை ஆய்வகம் மறுபடி சோதிக்கும். தமிழகத்தின் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பாளையங்கோட்டையில் இருப்பதால் சங்கரன்கோவிலை உள்ளடக்கி 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்துக்குத் தொலைவு பெரிய தடையில்லை.

தரம் குறைந்த உணவு என்று அறிக்கை சொன்னால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பற்றது என்று சொன்னால் சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு. இவ்வளவு பெரிய வேறுபாடு ஆய்வகத்தின் கருத்தில் தொங்குவதால் எந்த முறையில், எந்த அளவு வரை பார்த்தோம் என்பது நடுவில் நிற்கும் கேள்வி ஆகிறது.

சட்டம் பார்க்காத பகுதியும் ஒன்று இருக்கிறது. விளக்கேற்ற மட்டும் என்று எழுதிவிட்டால் அந்த எண்ணெய் உணவு ஆகாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வைக்கு அது வெளியே போய்விடும். பெட்ரோல், டீசல் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ளும் அது வராது. பூட்டிய அறையிலும் சன்னதியிலும் மணிக்கணக்கில் எரியும் ஒரு பொருள் எதனால் ஆனது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. அது எரியும்போது வெளியிடும் கரி, புகையை யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

7. எதிர்வாதமும் முடிவும்

அப்படியானால் எல்லா எண்ணெயையும் குரோமட்டோகிராஃபில் போட்டுப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு இரண்டு தடைகள். முதலாவது, மில்லிகிராம் அளவில் சோதிப்பது எளிதல்ல. ஆய்வாளரின் கையுறை, கைக்குப் பூசிய கிரீம், கரைப்பானின் தூய்மை எல்லாமே முடிவைக் கெடுக்கும். தவிட்டு எண்ணெயில் இயல்பாகவே உள்ள ஸ்குவாலினும் ஒரு ஹைட்ரோகார்பன்தான். அரோமாட்டிக் பகுதியை அளக்கும்போது அது குறுக்கே வரும். இரண்டாவது, ஐரோப்பிய எல்லையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது கலப்படக்காரர் அல்ல. செக்கின் தாங்கியில் கிரீஸ் போடுபவரும் சணல் சாக்கில் எள் வாங்குபவரும்தான் குற்றவாளி ஆவார்கள். ஏமாற்றியவரையும் சாக்கு மாற்றத் தெரியாதவரையும் ஒரே பிரிவில் தண்டிப்பது நீதியாகாது.

ஆகவே இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்பதே வழி. கலப்படத்துக்கு ஹோல்டே போன்ற மலிவான சோதனை வட்டார அளவிலேயே அடிக்கடி நடக்கட்டும். சந்தேகம் எழுந்த மாதிரி மட்டும் குரோமட்டோகிராஃபுக்குப் போகட்டும். அறியாமல் கலப்பதற்கு எண்ணளவில் எல்லை வகுத்து, தண்டனைக்கு முன் மூலத்தைத் திருத்தக் காலமும் வழியும் தரட்டும்: உணவுத் தர கிரீஸ், எண்ணெய் படாத சாக்கு, அச்சிடாத தாள். டீசலுக்குக் கந்தக அளவீடு வழக்கமான சோதனையாகட்டும். விளக்கு எண்ணெய் பாட்டிலில் உள்ளடக்கத்தை அச்சிடக் கட்டாயம் வரட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாமல் இன்றே செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. ‘மினரல் ஆயில் இல்லை’ என்று எழுதும் இடத்தில் ‘ஹோல்டே முறையில், ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு மேல் இல்லை’ என்று எழுத வேண்டும். முறையும் எல்லையும் இல்லாத ஆய்வறிக்கையை நீதிமன்றமும் நுகர்வோர் அமைப்பும் திருப்பி அனுப்பத் தொடங்கினால், மற்ற மாற்றங்களைக் கேட்கும் குரல் ஆய்வகங்களுக்குள்ளிருந்தே எழும்.